மாழைமேல் தோன்றி மறைவதைச் சொல்லத் தமிழுக்கு வாயில்லையா?

தமிழ் பாட்டுக்கு உதவும், வழிபாட்டுக்கு உதவும், மேடை முழக்கத்துக்கும் உதவும், ஆனால் அறிவியலின் கொடுமுடியில் நின்று பேச அதற்கு வாயில்லை என்று சொல்லித் திரிவாரின் தொகை இந்நாட்டில் இன்னும் குறைந்தபாடில்லை. ஆங்கிலேயன் கப்பலேறி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவன் விட்டுச்சென்ற இந்த அடிமைக் கூற்று மட்டும் கப்பலேறவில்லை. படித்தவர் சொல்கின்றனர், பெற்றோர் நம்புகின்றனர், பிள்ளை அதனையே மெய்யென்று கொண்டு, தன் தாய்மொழியைத் தன் அறிவின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது.

பொன்னின் மாற்றை அறிய உரைகல் வேண்டும். ஒரு கூற்றின் மாற்றை அறியவும் உரைகல் வேண்டும். அதற்கு எளிய எடுத்துக்காட்டைத் தேர்ந்துகொள்வது நேர்மையன்று. நீர் கொதிப்பதையும் காந்தம் இழுப்பதையும் தமிழில் சொல்லிக்காட்டி வெற்றி கொண்டாடுவது வீரமும் அன்று. கடினமானதையே எடுக்க. மாழைப்பரப்பின்மேல், ஒரு நொடியின் மிக நுண்ணிய கூறளவே வாழ்ந்து மறையும் வேதிப்பொருள்களைச் சீரொளி நிறமாலையால் கண்டறிதல் என்னும் துறையை எடுக்க. இற்றை வேதியலின் முனையில் நிற்கும் துறைகளுள் இது ஒன்று. இதைத் தமிழ் சொல்லுமா, சொல்லாதா?

சங்கரன்கோவிலில் வைத்தே கேட்க

இவ்வினாவைக் கேட்பதற்குச் சென்னையும் வேண்டா, தில்லியும் வேண்டா. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலே தக்க இடம். மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1902ஆம் ஆண்டு பிப்பிரவரி 7ஆம் நாள் பிறந்த மண் அது. தமிழ்ச்சொல் ஒவ்வொன்றின் வேரையும் தோண்டிப் பார்த்தவர் அவர். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பேற்று, அப்பணி முடியுமுன் 1981 சனவரியில் மதுரையில் மறைந்தார். அவர் பிறந்த ஊரில் இன்று ஆடித்தவசுக்குக் கூட்டம் கூடுகின்றது, விசைத்தறி ஓடுகின்றது. அத்தறியின் ஓசையில் வளரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் வேதியல் படித்துவிட்டுக் கல்லூரிப் படியேறிய முதல்நாளிலேயே, இதுவரை நீ கற்றது கணக்கில் இல்லை என்னும் பொருள்பட நடத்தப்படுகின்றது. தறியில் அறுந்த இழையை முடிந்து ஓட்டுவர்; அறிவில் அறுந்த இழையை யார் முடிவது?

அவ்வூரைச் சூழ்ந்த கரிசல் நிலத்துக்குச் செல்க. உழவன் பயிருக்கு யூரியா இடுகின்றான். அது எங்கே பிறந்தது? மூட்டை தூத்துக்குடி உரவாலையிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதன் உயிர்ப்பொருள் பிறந்த இடம் ஓர் இரும்புத்துகளின் புறப்பரப்பு. இங்கேதான் நம் பொருள் தொடங்குகின்றது.

இரும்பின்மேல் நடப்பது

நாம் மூச்சிழுக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு வெடியம். வெடியுப்பில் உறைவதால் அதற்கு அப்பெயர். பயிருக்கு வெடியம் இன்றியமையாதது. ஆயினும் காற்றிலுள்ள வெடியத்தைப் பயிர் நேரே உண்ணமாட்டாது. வெடிய அணுக்கள் இரண்டிரண்டாய் மூன்று பிணைப்புகளால் இறுகத் தழுவி நிற்கின்றன. அத்தழுவலை அவிழ்ப்பது எளிதன்று. செருமானிய வேதியலறிஞர் பிரிட்சு ஆபர் 1909இல் அதற்கு வழிகண்டார். கார்ல் போசு 1913இல் அதனை ஆலைத்தொழிலாக்கினார். வெடியமும் நீரகமும் கலந்த வளியை 400 முதல் 500 பாகை வெப்பத்திலும், காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்திலும் இரும்பின்மேல் செலுத்தினால் அம்மோனியா விளையும். அதிலிருந்து யூரியா. இற்றை மாந்தரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்த வினையையே நம்பியிருக்கின்றது என்பர்.

ஆனால் இரும்பு அங்கே என்ன செய்கின்றது? அது கரையவில்லை, குறையவில்லை, விளைபொருளோடு போகவுமில்லை. வினையை ஊக்கிவிட்டுத் தான் வாளா நிற்கின்றது. ஆதலின் அது வினையூக்கி. 60 ஆண்டுகளுக்கு மேலாக ஆலைகள் ஓடின. இரும்பின்மேல் நடப்பது மட்டும் திரைமறைவிலேயே இருந்தது. அத்திரையை விலக்கிய பெருமை செருமானியராகிய கெரார்டு எர்ட்டிலைச் சாரும். வெடியத்தின் இரட்டை அணு இரும்பின்மேல் அமர்ந்து இரண்டாய்ப் பிளக்கின்றது. வினை முழுவதிலும் மெதுவானது அப்பிளவே. பின்னர்ப் பிளந்த அணுவோடு நீரகம் ஒன்று சேர்கின்றது, இரண்டாவது சேர்கின்றது, மூன்றாவது சேர்ந்ததும் அம்மோனியாவாகிப் பரப்பைவிட்டுப் பறக்கின்றது. இதனைப் படிப்படியாக மெய்ப்பித்ததற்கும், இதுபோன்ற பிற பரப்பு வினைகளை விளக்கியதற்கும் அவர் 2007இல் வேதியல் நோபெல் பரிசு பெற்றார்.

ஒரு நீரகத்தோடு நிற்கும் வெடியம், இரு நீரகத்தோடு நிற்கும் வெடியம் ஆகிய அவ்விரண்டும் குப்பியில் அடைத்து வைக்கத்தக்க பொருள்கள் அல்ல. ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையே தோன்றி, அடுத்த அணு வந்து சேர்ந்ததும் இல்லையாகும் குறுவாழிகள் அவை. அவற்றைக் காண்பவனே வினையைக் காண்கின்றான். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கண்டவன், கூத்தின் முதற்காட்சியையும் இறுதிக்காட்சியையும் பார்த்துவிட்டு இடையில் உறங்கியவனுக்கே ஒப்பாவான்.

ஒளியே ஒற்றன்

கையால் தொட்டால் கலையும் பொருளை எதனால் அறிவது? ஒளியால் அறியலாம். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அதிர்வுகளோடு துடிக்கின்றது. அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் அத்துடிப்பின் சுவடு பதிகின்றது. அச்சுவட்டை நிறம்நிறமாய்ப் பிரித்து வரிசைப்படுத்தினால் நிறமாலை.

இச்சுவட்டை உலகுக்குக் காட்டியவர் யார்? 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமனும், 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கா. சீ. கிருட்டிணனும். கிருட்டிணன் பிறந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு வெகுதொலைவில் இல்லை. 1928 பிப்பிரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் உறுதிசெய்யப்பட்ட அவ்வுண்மை இதுதான்: ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச்சிறு பங்கு நிறம் மாறுகின்றது, அம்மாற்றத்தின் அளவே அப்பொருளின் உள்துடிப்பைச் சொல்லிவிடுகின்றது. தொடக்க ஆய்வுகளுக்குக் கதிரவன் ஒளியே போதியதாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் இருவர் பெயரிலும் ஆங்கில இதழில் கட்டுரை வந்தது. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது.

ஆயினும் நிறம் மாறும் ஒளி கோடியில் ஒரு பங்கென்னும் அளவினதே. மாழையின்மேல் ஒற்றை அடுக்காய் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளிலிருந்து அதனைப் பிரித்தெடுப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதினும் அரிது. இரண்டு செய்திகள் அவ்வருமையைத் தீர்த்தன. ஒன்று, 1960இல் அமெரிக்கரான தியோடர் மைமன் செம்மணிக் கல்லிலிருந்து முதன்முதல் எழுப்பிய சீரொளி. மற்றொன்று, 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிளைசுமன், எந்திரா, மக்குவில்லன் ஆகிய மூவர் கண்டது. வெள்ளி மின்முனையின் பரப்பை அவர்கள் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினர். பரப்பு பெருகினால் ஒட்டும் மூலக்கூறும் பெருகுமன்றோ? ஆனால் கிடைத்த ஒளியோ எதிர்பார்த்ததை விஞ்சி நின்றது. பரப்பின் பெருக்கத்தால் மட்டும் அதனை விளக்க முடியாதென்றும், பெருக்கம் இலக்கக்கணக்கான மடங்கென்றும் 1977இல் வேறிரு குழுவினர் காட்டினர். சொரசொரத்த வெள்ளியின் மின்னணுக்கள் பட்ட ஒளியோடு ஒத்தாடுகின்றன. அவ்வாட்டம் பரப்பையொட்டிய ஒளிப்புலத்தைப் பன்மடங்காக்குகின்றது. அங்கே ஒட்டிக்கிடக்கும் மூலக்கூறு உரத்துப் பேசுகின்றது. 1997க்குள் ஒற்றை மூலக்கூற்றின் குரலையே இம்முறையால் கேட்டுவிட்டனர்.

வேறு வழிகளும் உண்டு. சூடேறிய பிளாட்டினத்தின்மேல் நீரகமும் உயிரகமும் கூடும்போது, ஒரு நீரகமும் ஓர் உயிரகமும் மட்டும் இணைந்த அரைகுறைக் கூறு ஒன்று பரப்பைவிட்டுக் கிளம்புகின்றது. அலைநீளம் அறிந்து புறஊதாச் சீரொளியை அதன்மேல் பாய்ச்சினால் அது மட்டும் மின்மினிபோல் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது. 1980களில் இம்முறையால் அதனை எண்ணி அளந்தனர். 1987இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஒய். ஆர். சென் குழுவினர் அகச்சிவப்பு ஒளியையும் கண்புலனாம் ஒளியையும் ஒரே பரப்பில் சந்திக்கச் செய்து, இரண்டின் அதிர்வெண்ணும் கூடிய மூன்றாவது ஒளியை மூலக்கூறுகளிலிருந்து பெற்றனர். எப்பக்கமும் ஒத்த அமைப்புடைய பொருளின் உள்ளே அவ்வொளி தோன்றுவதில்லை. ஒப்பமைப்பு உடையும் விளிம்பில்தான் தோன்றும். ஆதலின் அது பரப்பின் செய்தியை மட்டுமே சுமந்துவரும் நல்ல ஒற்றன்.

இனி, விரைவு. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு பெம்டோநொடி. ஒரு நொடிக்கு அது எவ்வளவோ, அவ்வளவே மூன்று கோடி ஆண்டுக்கு ஒரு நொடி. மூலக்கூறுகளின் பிணைப்பு பத்து, இருபது, நூறு என்னும் பெம்டோநொடிகளில் துடிக்கின்றது. எந்தக் கடிகாரம் இதனை அளக்கும்? கடிகாரம் வேண்டா, ஆடி போதும். சீரொளித் துடிப்பு ஒன்றை இரண்டாய்ப் பிரிக்க. முதல் துடிப்பு பரப்பில் வினையை எழுப்பட்டும். இரண்டாவது சற்றே பிந்திச் சென்று பார்க்கட்டும். இரண்டாவதன் வழியிலுள்ள ஆடியை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பின்னே தள்ளினால், ஒளி போகவும் வரவும் கூடுதலாய் நடக்கும் வழியால் அது ஏறத்தாழ 7 பெம்டோநொடி பிந்தும். ஆடியைச் சிறுகச் சிறுக நகர்த்தி நிகழ்ச்சியைப் படம்படமாய் எடுக்கலாம். இம்முறையால் வினைகளின் இடைநிலையைக் கண்ட எகிப்தியரான அகமது சிவெய்ல் 1999இல் நோபெல் பரிசு பெற்றார். 2015இல் அமெரிக்காவின் சிடான்போர்டில் ஊடுகதிர்ச் சீரொளியைக் கொண்டு, உருத்தேனியம் என்னும் மாழையின்மேல் கரிம ஓருயிரகமும் உயிரகமும் ஒன்றையொன்று நெருங்கிக் கரிம ஈருயிரகமாவதற்கு முந்திய அந்த இடைநொடியையே கண்டனர். வண்டிப்புகையின் நஞ்சை முறிக்கும் வினையும் இவ்வகையதே.

எது விளங்கவில்லை?

இனிக் கேட்போம். இதுவரை சொன்னவற்றுள் எந்தச் செய்தி தமிழில் அடங்க மறுத்தது? எந்த இடத்தில் மொழி முறிந்தது? படித்தவர் எவரேனும் ஓரிடத்தில் தடுக்கியிருந்தால் அது பொருளின் கடுமையேயன்றி மொழியின் ஏழ்மையன்று. ஆங்கிலத்தில் படித்தாலும் அவ்விடத்தில் அவர் தடுக்கவே செய்வார். ஆங்கிலத்தில் தடுக்கியதை மட்டும் வெளியே சொல்லமாட்டார். வேறுபாடு அவ்வளவே.

சொல் இல்லையென்பார் சொற்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கட்டும். லேசர் என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கோத்த கூட்டு. அவ்வைந்தையும் அறியாத ஆங்கிலச் சிறுவனுக்கும் அது வெற்றொலியே. சீரொளி என்பதோ தன் பொருளைத் தானே சொல்லும். ஒரே நிறம், ஒரே திசை, அலைகளெல்லாம் அடிபிசகாது ஒத்துநடத்தல் என்பவையே அவ்வொளியின் இயல்பு. சீர் தவறாத ஒளி சீரொளி. யாப்பறிந்த இனத்துக்கு இதனினும் தெளிவு எதற்கு?

ஆங்கிலத்தில் அப்சார்ப்சன் என்றொரு சொல், அட்சார்ப்சன் என்று மற்றொரு சொல். முன்னது ஒரு பொருளை உள்ளே இழுத்துக்கொள்வது. பின்னது மேலே ஒட்டவைத்துக்கொள்வது. இரண்டையும் பிரிப்பது ஓர் எழுத்து. அவ்வெழுத்தில் மயங்கித் தேர்வில் வழுக்கிய மாணவர் எத்தனையோ பேர். தமிழில் உட்கவர்ச்சி, பரப்புக்கவர்ச்சி. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சொல்லே பாடம். வினையூக்கி, நிறமாலை, அதிர்வெண், அலைநீளம், மின்முனை, சிதறல் ஆகிய அனைத்தும் அவ்வாறே. கரிம ஓருயிரகத்துக்கும் ஈருயிரகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர், ஈர் என்னும் முன்னடைகளே எண்ணிக்காட்டுகின்றன.

உலோகம் என்னும் வடசொல்லுக்கு மாழை என்னும் பழந்தமிழ்ச்சொல் உண்டு. அதன் புறப்பரப்பில் நிகழ்வதைத் தமிழன் அறியாதவனும் அல்லன். இரும்பின்மேல் படிவது துரு. செம்பின்மேல் படிவது களிம்பு. பித்தளை ஏனத்துக்கு உள்ளே பூசுவது ஈயம். புளியிட்டுத் தேய்த்தால் போவது பாசி. ஆணவம் உயிரை மறைப்பதற்குச் செம்பில் களிம்பை உவமை கூறிற்று சிவனியக் கொண்முடிபு. மாழையின் உள்ளியல்பு வேறு, பரப்பில் சேர்ந்தது வேறு என்று பிரித்தறிந்த மொழிக்குப் பரப்பு வேதியல் வேற்றுப்புலம் ஆகுமா?

ஆபர், எர்ட்டில், சிவெய்ல் என்னும் ஆட்பெயரையோ, பெர்க்கிலி என்னும் ஊர்ப்பெயரையோ மாற்ற வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அவை தமிழெழுத்தில் தமிழொலியோடு வரட்டும். அயற்சொல் வருமாயின் அயலெழுத்தை ஒழித்துத் தமிழெழுத்தால் வருக என்று தொல்காப்பியர் அன்றே வாயில் அமைத்துவைத்தார். வாயில் உண்டு, ஆனால் வாயில் வழியாக வீட்டையே தூக்கிச்செல்ல விடலாகாது என்பதே தனித்தமிழ்க் கொள்கை.

கண்ணிமைப்பால் அளந்தவர் மொழி

சொல் மட்டுமன்று, சிந்தனையும் உண்டு. எழுத்தொலியின் நீட்சியைக் கண்ணிமைத்தலாலும் கைநொடித்தலாலும் அளந்தது தமிழிலக்கணம். அம்மாத்திரையை அரையாக்கிற்று, அரையைக் காலாக்கிற்று. மகரக்குறுக்கம் கால் மாத்திரை. தனியே நிற்கும்போது இல்லாததும், இரண்டு ஒலிகள் அடுத்துவரும் இடத்தில் மட்டும் நேர்வதுமாகிய ஒலிக்குறுக்கத்தைச் செவியால் பிடித்துப் பெயரிட்டு வகுத்தனர் நம் முன்னோர். இரண்டு உயிர்கள் சந்திக்குமிடத்தில் இடையே தோன்றி அவற்றை இணைக்கும் ஒலிக்கு உடம்படுமெய் என்று பெயர் வைத்தனர். சொற்கள் புணருங்கால் நிகழும் மாற்றத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாய் வகுத்தனர். மாழைப்பரப்பில் அணுக்கள் புணருங்கால் நிகழ்வதும் இம்மூன்றன்றி வேறென்ன?

இதனால் தொல்காப்பியர் சீரொளி கண்டார் என்று எவரும் எழுந்து முழங்கிவிட வேண்டா. அவர் காணவில்லை. அவர்க்கு அப்பணியும் இல்லை. புணர்ச்சியில் இடையே தோன்றி மறைவதை நுணுகிக் காணும் பழக்கம் உடைய மொழி, அதே பழக்கம் வேண்டும் ஓர் அறிவியலுக்கு அயலாகாது என்பதே இங்குக் கூறுவது.

குற்றம் மொழியினது அன்று

பின் ஏன் நடக்கவில்லை? மொழிக்கு வலுவில்லாமையா? வரலாறு விடைசொல்லும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 1875இல் "கெமிஸ்தம்" என்னும் வேதியல் நூல் தமிழில் வெளிவந்தது. பெயர் அயலொலியாயினும் பாடம் தமிழ். கடல்கடந்து வந்த ஒருவர்க்குத் தமிழால் முடியும் என்னும் நம்பிக்கை இருந்தது. தமிழ்த்தாயின் மடியில் பிறந்தவர்க்கு அது இல்லை. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார். 1960களிலும் 1970களிலும் இயற்பியல், வேதியல், கணக்கு ஆகியவற்றில் கல்லூரிக்குரிய நூல்கள் நூற்றுக்கணக்கில் தமிழில் அச்சாயின. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிற்று. ஆகவே செய்யத்தெரியாமல் நின்றுவிடவில்லை. செய்தவற்றைத் தொடராமல் விட்டுவிட்டனர். நூல் அச்சாயிற்று, அதைக் கற்றவனுக்கு வேலை இல்லை என்றனர். வேலை இல்லாமையால் கற்பாரில்லை. கற்பாரில்லாமையால் நூல் இல்லை. நூல் இல்லாமையால் தமிழில் இயலாது என்றனர். கண்ணைக் கட்டிவிட்டுக் குருடன் என்று ஏசுவது இதுவன்றோ?

பிறர் என்ன செய்தனர்? 1913இல் ஐபா நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் எந்த மொழியில் கற்பிப்பது என்று பெரும்போர் மூண்டது. எபிரேயத்தில் அறிவியற்சொல் இல்லை, செருமானியமே தக்கது என்றனர் ஒருசாரார். ஆசிரியரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். எபிரேயமே வென்றது. ஈராயிரம் ஆண்டாகப் பேச்சுவழக்கு அற்றிருந்த மொழி அது! அக்கல்லூரி ஈன்ற பேராசிரியர் தான் செட்டுமன் 2011இல் வேதியல் நோபெல் பரிசு பெற்றார். 2008இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்ற சப்பானியர் தோசிகிதே மசுகாவா, பரிசுப் பேருரையைத் தம் தாய்மொழியிலேயே ஆற்றினார். உலகம் அவரைத் தாழ்வாக நினைக்கவில்லை, மொழிபெயர்த்துக் கேட்டுக்கொண்டது. ஆபர் தம் கண்டுபிடிப்பை எழுதியது செருமானியத்தில். ஆங்கிலேயன் செருமானியம் கற்றுப் படித்தான்.

வழக்கில் வாழும் தமிழுக்கு அந்த வலுவில்லையாம்! ஆங்கிலம் கற்க வேண்டா என்பதன்று இங்குக் கூறுவது. சன்னலுக்கு ஆங்கிலம் இருக்கட்டும். அடிமனைக்குத் தமிழ் வேண்டும். சன்னலையே அடிமனையாக்கிக் கட்டிய வீடு எவ்வாறு நிற்கும்?

நம்மவர்க்கும் சில சொல்

ஆங்கிலப் பித்தரை இடித்துரைப்பது எளிது. நம்மவரையும் இடித்துரைத்தல் வேண்டும். பாவாணர் பெயரால் விழாவெடுப்பார் பலர். அவர் உழைத்தாற்போல் உழைப்பார் சிலர். எல்லாம் பண்டே நம்மிடம் இருந்தன, சித்தர் அறியாத சீரொளி இல்லை என்று பேசிக் கைதட்டல் வாங்குவார், உண்மையில் எதிரிக்கே துணைசெய்கின்றார். இருந்தது என்று சொன்னபின் உழைக்க வேண்டியதில்லையன்றோ! இராமன் தமிழ்மண்ணில் பிறந்தார் என்று மார்தட்டுவதாலும் ஒன்றும் ஆகாது. அவர் சிதறச்செய்த ஒளியின் கதையைத் தமிழில் முழுதாக, கணக்கோடும் படத்தோடும் கல்லூரித் தரத்தில் எழுதிய நூலைத் தேடும் மாணவிக்கு எத்தனை நூல்களை நம்மால் எடுத்துக் கொடுக்க முடியும்? அவ்வெண்ணிக்கையே நம் தமிழ்ப்பற்றின் எடை.

இன்னொரு குறையும் உண்டு. ஒரே பொருளுக்கு ஒருவர் ஒரு சொல் ஆக்குவார். மற்றவர் அதை மறுத்து மற்றொன்று ஆக்குவார். மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். உயிரகமா, உயிர்வளியா, தீயகமா என்று மாணவன் திகைத்து நிற்பான்; முடிவில் ஆக்சிசன் என்று சொல்லிவிட்டுப் போவான். சொல்லாக்கத்தில் போட்டி நல்லது. ஆளுகையில் ஒருமை வேண்டும். ஆக்கியவன் பெயர் நிலைக்க வேண்டுமா, சொல் நிலைக்க வேண்டுமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்க.

செய்யவேண்டியவை

காரைக்குடியில் மின்வேதியல் நடுவாய்வகம் 1953இலிருந்து இயங்குகின்றது. மின்முனைப் பரப்பே அதன் உயிர்நாடி. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மீவிரைவு நிகழ்ச்சி ஆய்வு நடுவம் உண்டு. கிண்டியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், கல்பாக்கத்தில் அணுவாய்வு நடுவமும் உண்டு. அங்கெல்லாம் தமிழ்மக்கள் ஆய்கின்றனர். தமிழ்நாட்டு மண்ணும் நீரும் அவற்றைத் தாங்குகின்றன. அவர்கள் உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதட்டும், தடையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆய்வேட்டோடும் பத்துப் பக்கத் தமிழ்ச்சுருக்கம் ஒன்று கட்டாயமாகட்டும். தன் ஆய்வைத் தன் தாய்க்கு விளங்கச் சொல்ல இயலாதவன் அதனைத் தானே விளங்கிக்கொண்டானா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

பல்கலைக்கழகங்கள் முதலாண்டு அறிவியல் வகுப்பைத் தமிழ்வழி வந்த மாணவர்க்கு இருமொழியிலும் நடத்தட்டும். வினாத்தாளில் தமிழ் இருக்கட்டும். பாடநூற் கழகம் அன்று வெளியிட்ட கல்லூரி நூல்களை இற்றை அறிவுக்கு ஏற்பப் புதுக்கி, 1974க்கும் 1999க்கும் 2007க்கும் 2015க்கும் உரிய புதுச்செய்திகளைச் சேர்த்து வெளியிடட்டும். கலைச்சொல்லுக்கு ஒரே முடிபான அகரமுதலி ஆண்டுதோறும் வரட்டும். அதற்குரிய நடுவம் ஒன்று சங்கரன்கோவிலில், மொழிஞாயிறு தோன்றிய அம்மண்ணிலேயே அமையட்டும். சிலையினும் அவர்க்கு உகந்த நினைவுச்சின்னம் அதுவே.

ஆள்வோர் செய்யட்டும் என்று காத்திருப்பதும் வேண்டா. இயற்பியல் கற்ற தமிழாசிரியன் ஒருவனும், தமிழ் கற்ற வேதியலாசிரியை ஒருத்தியும் கூடினால் ஒரு நூல் பிறக்கும். நூறு ஊரில் நூறு இணையர் கூடினால் ஒரு துறையே பிறக்கும்.

கரிசல் நிலத்து உழவன் இடும் உரம் இரும்பின்மேல் பிறந்த கதையை, அவன் மகள் அவன் மொழியில் அவனுக்குச் சொல்லும் நாள் வரவேண்டும். அன்றுதான் அறிவு இந்நாட்டில் குடியேறிற்று என்று பொருள்; அதுவரை அது விருந்தினர் விடுதியில் தங்கியிருக்கும் வழிப்போக்கனே. பெம்டோநொடியில் தோன்றி மறையும் அணுக்கூட்டத்துக்கே பெயரிட்டு வழங்க வல்ல மொழி, ஊழி ஊழியாய் வாழ்ந்த இனத்தின் அறிவைச் சுமக்க வல்லதே. வாயில்லாதது தமிழ் அன்று. அதன் வாயைப் பொத்தியிருப்பது தமிழனின் கையே. அக்கையை எடுக்க! எழுதுகோலைப் பிடிக்க!